நூற்றெண்பது நாள், நாலு முகம்

என் அக்காள் புருஷன் தருமன் வாயைத் திறந்தால் மூட மாட்டார். அதற்கு அவரே ஒரு காரணம் வைத்திருந்தார். பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவன் தண்ணீரில் கழுத்து மட்டும் தெரியக் குந்திக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவியபடி நகர வேண்டும். சிக்குகிற இறாலைப் போட ஓலையால் முடைந்த பறி ஒன்று வேண்டும். கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். காலையில் ஐந்து மணி நேரம் அப்படி வாயைக் கட்டிப்போட்டவன் கரையேறினால், அந்த ஐந்து மணி நேரப் பேச்சையும் யார் தலையிலாவது இறக்கி வைத்தாக வேண்டும். மாமா இறக்கி வைப்பார். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மூச்சுக்கு முகமூடி மாட்ட வந்த நர்ஸிடம்கூட, "இன்னாமா, இங்கயும் வாய்ல கவ்வணுமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பேசவில்லை. நாற்பத்தோரு நாள் ஆகிறது.

அவரைப் பற்றி அரசாங்கம் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. வழவழப்பான தாளில் அச்சடித்த திட்டப் புத்தகத்தில், பதினான்காம் பக்கத்தில், கழுத்தில் டை கட்டிக்கொண்டு நிற்கிறார். கீழே நான்கு வரி. பெயரும் ஊரும் சரி. மீதி மூன்றரை வரியும் தப்பு. யாராவது சரியாக எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மாமாவுக்குச் சொந்த ஊர் சுண்ணாம்புக்குளம். ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் அப்பனை அங்கே நைனா என்பார்கள். காந்தா அக்காவைக் கட்டிக்கொண்டு அவர் எங்கள் குப்பத்துக்கே வந்துவிட்டார். அப்போது என் அப்பாவுக்கு முட்டி தேய்ந்துபோயிருந்தது. நான் பொன்னேரி காலேஜில் வரலாறு படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். வலை கட்ட வீட்டில் ஓர் ஆள் தேவைப்பட்டது. மாப்பிள்ளை என்று ஒருவர் வந்தார்.

எங்கள் ஏரியில் யாரும் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. முகத்துவாரத்திலிருந்து கடல்நீர் ஏறும்போது இறால் ஓடுவதற்கென்று சில தடங்கள் இருக்கின்றன. அங்கே கழி நட்டுச் சுத்துவலை கட்டினால்தான் கூடை நிறையும். எல்லோரும் ஒரே நாளில் போனால் மண்டைதான் உடையும். அதனால் பாடு என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு நாள். சித்திரையில் கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கி, எந்த வரிசையில் யார் நாள் என்று நோட்டில் எழுதிவிடுவார்கள். பத்தொன்பது நாளைக்கு ஒருமுறை உன் நாள் வரும். அடுத்தவன் நாளில் வலை கட்டினால் குற்றம். அடுத்தவன் கட்டியதைத் தான் கட்டியதாகச் சொல்லிக்கொண்டாலும் அதே குற்றம்தான். கொலை செய்தவனுக்குக்கூட ஜாமீன் கிடைக்கும். இதற்கு எங்கள் ஊரில் கிடைக்காது.

அந்த நோட்டில் பெயர் ஏற வேண்டுமானால் அந்த ஊரிலேயே அப்பன் இருந்திருக்க வேண்டும். மாமாவின் நைனா சுண்ணாம்புக்குளத்தில் இருந்தார். எனவே அப்பாவின் நாளில் வலை கட்டியவர் மாமா, பெயர் அப்பாவுக்கு. அப்பா போன பிறகு பெயர் எனக்கு வந்தது. ஒரு கழிகூட நட்டுப் பழகாத பி.ஏ.வுக்கு ஏரியில் ஒரு நாள் சொந்தம். ஒவ்வொரு முறையும் அந்த நாளில் விடியற்காலை எழுந்து போகிறவருக்கு ஒன்றும் இல்லை. மற்ற பதினெட்டு நாளும் அவர் பறியைக் கவ்விக்கொண்டு கையால் பிடித்தார். அதை யாரும் தடுக்கவில்லை. கையால் பிடிப்பதைத் தொழில் என்று யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாததுதான் காரணம்.

ஒவ்வொரு சித்திரையிலும் மாமா எழுந்து நின்று, என் பெயரையும் நோட்டில் ஏற்றுங்கள் என்று கேட்பார். பதினோரு சித்திரை கேட்டார். ஊர்த் தலைவர் கண்ணப்பன் நல்ல மனிதர்தான். சிரித்துக்கொண்டே தள்ளிவிடுவதில் கெட்டிக்காரர். "மாப்ள, இந்த ஊருக்கு மாப்ளயா கீறதே ஒரு பதவிதான்" என்பார். கூட்டம் சிரிக்கும். மாமாவும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வாயை மூடமாட்டார்.

இந்த நிலையில்தான் ஒலிபெருக்கி கட்டிய வேனில் ஏரிக்கரை நிலைவேலைத் திட்டம் வந்து இறங்கியது. ஏரியைச் சுற்றியிருக்கிற கிராமங்களில் வேலை இல்லாதவர்களுக்கு மூன்று மாதம் பயிற்சி, பிறகு வேலை. சும்மா வேலை இல்லை, நிலைத்த வேலை. நிலைத்தது என்றால் எவ்வளவு என்று யாரோ அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தார்கள்: நூற்றெண்பது நாள். ஓர் ஆள் ஒரே வேலையில் நூற்றெண்பது நாள் இருந்துவிட்டால் அவன் கரையேறிவிட்டான் என்று அர்த்தம். வேனிலிருந்து இறங்கிய இளங்கோவன் பயிற்சி மையத்து ஆள். சலவைச் சட்டை, மணக்கிற கைக்குட்டை. மீன் வாடைக்காக அந்தக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே எங்கள் எதிர்காலத்தை விளக்கினார்.

சேருவதற்கு முதலில் வேலை இல்லை என்று சான்றிதழ் வாங்க வேண்டும். கிராம அலுவலகத்தில் மாமாவைப் பார்த்ததும் எழுத்தர் பேனாவை மூடிவிட்டார். தினமும் இறால் விற்கிறாயே, உனக்கு எப்படி வேலை இல்லை என்று எழுதுவது என்று கேட்டார்.

"அதக் கொஞ்சம் எங்க ஊர்க் கூட்டத்துல வந்து சொல்றீங்களா சார்?" என்றார் மாமா. "கையால புடிக்கறது ஒரு வேலையே இல்லன்னு பதினோரு வருஷமா அங்க சொல்லிக்கினு கீறாங்க. நீங்க வேலதான்னு எழுதிக் குடுத்தா, அத எடுத்துக்கினு போய் அங்க காட்றேன். இல்லன்னு எழுதிக் குடுத்தா இங்க சேந்துக்கறேன். எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க."

எழுத்தர் யோசித்துவிட்டு, இல்லை என்றே எழுதிக் கொடுத்தார்.

எங்கள் குப்பத்திலிருந்து நான்கு பேர் சேர்ந்தோம். மாமா ஒருவர். நண்டு தரம் பிரிக்கிற ஷெட் மூடியதால் வேலை போன சாந்தி, இரண்டு பிள்ளைக்காரி, நாக்கில் எப்போதும் ஒரு முள் இருக்கும். அடுத்தவர் படகில் இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்த பச்சைமுத்து. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் ஜுரம் வந்துவிடும். நான்காவது ஆள் பி.ஏ.

பயிற்சியில் டை கட்டிவிட்டுப் படம் எடுத்தார்கள், எல்லோருக்கும் ஒரே அளவு ஷூ கொடுத்தார்கள். அரசாங்கத்துக்கு நாட்டு மக்களின் கால் ஏழாம் நம்பர் என்று தகவல். கைகுலுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். இறால் கொம்பு குத்தித் தடித்துப்போன மாமாவின் உள்ளங்கையைக் குலுக்கிவிட்டு, பயிற்சி கொடுத்த பெண் தன் கையைத் தேய்த்துக்கொண்டார். புன்னகைக்கு என்று தனியாக ஒரு வகுப்பு இருந்தது. கண்ணாடி முன் நின்று பல் தெரியச் சிரிக்க வேண்டும். கயிற்றைக் கவ்விக் கவ்வி மாமாவின் முன்பற்கள் இரண்டும் வில்லாக வளைந்து தேய்ந்திருந்தன. "இன்னா மேடம், இதுல கயிறு மாட்டி இழுத்துப் பாக்கறீங்களா?" என்று கேட்டார். பச்சைமுத்துவைச் சிரிக்க வைப்பதற்கு மூன்று மாதம் போதவில்லை.

பயிற்சி முடிந்ததும் வேலை எங்கே என்று கேட்டோம். இளங்கோவன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு வேலை வந்திருந்தது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறை இருக்கிறதே, வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு நிற்கிற இடம், அதன் எதிர்வாடையில் திட்டப் பணத்தில் ஓர் அறை கட்டியிருந்தார்கள். உள்ளே நான்கு படங்கள், ஒரு வரைபடம், ஒரு மின்விசிறி. வருகிறவர்களுக்கு ஒல்லாந்தர் கதையைச் சொல்லிச் சுற்றிக் காட்ட ஒரு வழிகாட்டி வேண்டும். நேர்முகத் தேர்வில், டச்சுக்காரர்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் வருடம், தேதி, கவர்னர் பெயர் எல்லாம் சொல்லி மூன்று நிமிடத்தில் முடித்தேன். மாமாவுக்கு டச்சுக்காரனைப் பற்றி ஒன்றும் தெரியாது. முக்கால் மணி நேரம் பேசினார். வேலை அவருக்குக் கிடைத்தது.

உத்தரவு வந்த அன்று மாலையே ஊர் கூடியது. பச்சைமுத்துவின் அண்ணன்தான் புகார் செய்தார். நான்கு பேர் படித்தார்கள், ஒருத்தன் மட்டும் தடத்தைப் பிடித்துக்கொண்டால் இதென்ன நியாயம் என்று கேட்டார். வேறு ஊராக இருந்தால், அது அவன் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுக் கலைந்திருப்பார்கள். எங்கள் ஊரில் நல்ல தடம் என்றால் அதற்குப் பாடு போட வேண்டும். அது தண்ணீரில் இருக்கிறதா, கல்லறைக்கு எதிரில் இருக்கிறதா என்பதெல்லாம் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"இன்னா மாப்ள, நாலு பேருக்கும் நாள் வச்சிடலாமா?" என்று கேட்டார் கண்ணப்பன்.

மாமா அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். "வச்சிடலாம். நான் வேணான்னு சொல்லல. என் தடம் ஒண்ணு கீது, அதுல மூணு பேருக்கு நாள் தரேன். உங்க தடம் ஏரில கீது. அதுல எனக்கு ஒரு நாள் தாங்க. தரலன்னா நான் ஒண்டியாவே டச்சுக்காரனைக் கட்டிக்கினு அழறேன்."

கூட்டம் இந்த முறை சிரிக்கவில்லை. வெகு நேரம் முணுமுணுத்தது. அவன் அப்பன் இந்த ஊர் இல்லையே என்றார் ஒருவர். அந்தக் கல்லறையில் இருக்கிறவன் அப்பனும் இந்த ஊர் இல்லை, அவன் எத்தனை காலமாகப் படுத்திருக்கிறான், யாராவது கேட்டீர்களா என்றார் மாமா. கடைசியில் கண்ணப்பன் நோட்டை வரவழைத்தார். இருபதாவது வரியில் தருமன் என்று எழுதினார். மாமா அதைக் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "மச்சான், நீ படிச்சவன். சரியா எழுதிக்கீறாரா பாரு" என்றார். சரியாகத்தான் எழுதியிருந்தார். அன்றிரவு மாமா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அக்கா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வேலை மறுநாளே தொடங்கிவிட்டது. முதல் நாள் மாமா, இரண்டாம் நாள் சாந்தி, மூன்றாம் நாள் பச்சைமுத்து, நான்காம் நாள் நான். சம்பளமும் நாலாகப் பிரிந்தது. வருகைப் பதிவுக்கு ஒரு போன் கொடுத்திருந்தார்கள். காலையில் அறை முன் நின்று முகத்தைப் படம் பிடிக்க வேண்டும். பச்சை நிறத்தில் சரி என்று ஒரு குறி விழும். மாலையில் அந்தப் போனை மறுநாள்காரரிடம் கொடுத்துவிடுவோம். யார் முகம் என்று அந்த மெஷின் கேட்கவில்லை, முகம் இருந்தால் போதும். பச்சைமுத்துவுக்குத் தன்னைப் படம் எடுத்துக்கொள்ள வெட்கம். முதல் நாள் போனை எதிர்ப்பக்கம் திருப்பி, கல்லறை வாசலிலிருந்த எலும்புக்கூட்டை எடுத்துவிட்டான். பச்சைக் குறி விழுந்தது. அதிலிருந்து அவன் நாளில் எல்லாம் அந்த எலும்புக்கூடுதான் வேலைக்கு வந்தது.

ஒவ்வொரு நாளும் ஒரு வரலாறு நடந்தது. என் நாளில் வந்தவர்கள் தேதிகளைக் கேட்டுக்கொண்டு, நண்டு எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். சாந்தி பெண்களின் கல்லறைகளை மட்டும் காட்டுவாள். இவளுக்கு வயது இருபது, பிரசவத்தில் போய்விட்டாள்; புருஷன் அடுத்த வருடமே வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டான்; அவன் கல்லு இதைவிடப் பெரிசு, பாருங்கள் என்பாள். எதுவரை உண்மை என்று நான் கேட்கவில்லை. வெளிநாட்டுப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிவேட்டில் ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போவார்கள். பச்சைமுத்து எலும்புக்கூட்டைக் காட்டி "எலும்பு" என்பான். உள்ளே போய் "கல்லு" என்பான். பிறகு கடல் பக்கம் கையை நீட்டி, "அந்தாண்ட வந்தானுங்க. அந்தாண்டயே போனானுங்க" என்று முடித்துவிடுவான். சென்னையிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்.

மாமாவின் நாளில் கூட்டம் கூடும். பஸ் ஸ்டாண்டில் வேலையில்லாமல் நிற்கிறவர்கள்கூட வந்துவிடுவார்கள். "தோ படுத்துக்கினு கீறாரே, இவரு கம்பெனி வேலைக்குன்னு வந்தவரு. அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் ஒரு நாள் லீவு போட்டதில்ல. எங்க திட்டத்துல இவரச் சேத்திருந்தா பேப்பர்ல போட்டிருப்பாங்க" என்று ஆரம்பிப்பார். போர்த்துக்கீசியன், டச்சு, இங்கிலீஷ்காரன் மூன்று பேரும் ஒரே துறைமுகத்துக்கு, ஒரே துணி மூட்டைக்கு எதற்கு அடித்துக்கொண்டார்கள் என்பதற்கு அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. அவர்களுக்குப் பாடு தெரியாது. ஒரு சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்று வைத்திருந்தால் கோட்டையும் வேண்டாம், பீரங்கியும் வேண்டாம். கப்பலில் வந்தவனுக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியவில்லை என்று வருத்தப்படுவார். மூன்று வருடம் வரலாறு படித்த எனக்கு இதற்குச் சரியான பதில் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஏரியில் அவருடைய முதல் நாள் வந்தபோது, முந்தின நாளே போய்த் தடத்தில் கழி நடும் இடத்தை மிதித்துப் பார்த்துவிட்டு வந்தார். என் பெயரில் அதே இடத்தில் எத்தனையோ முறை நட்டவர்தான். வலையைப் போட்டுவிட்டுப் படகில் நின்றுகொண்டு, தூரத்தில் போகிற படகுகளையெல்லாம் கூப்பிட்டு, "இன்னிக்கு யார் நாளு தெரியுமா?" என்று கேட்டாராம். கூடையில் என்ன விழுந்தது என்பதைச் சொல்லவே மறந்துவிட்டார்.

நூற்றெண்பது நாள் நிறைந்தது. சரிபார்க்க ஜெசிந்தா என்ற அதிகாரி வந்தார். முப்பது வயதிருக்கும், கையில் டேப்லெட்டும், முகத்தில் நான்கு பஸ் மாறி வந்த களைப்பும் இருந்தன. அன்று மாமாவின் நாள். பெரிய ஆள் வருகிறார் என்று நாங்கள் மூவரும் போயிருந்தோம். அக்கா தூக்குவாளியில் நண்டுக் குழம்போடு வந்திருந்தாள். நூற்றெண்பது பச்சைக் குறியையும் பார்த்துவிட்டு, தன் வட்டாரத்தில் நூற்றுக்கு நூறு வந்திருப்பது இது ஒன்றுதான் என்று ஜெசிந்தா சந்தோஷமாகச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். படங்களைத் திறந்தார்.

மாமா. சாந்தி. எலும்புக்கூடு. நான். மறுபடி மாமா. மறுபடி சாந்தி. எலும்புக்கூட்டுக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டு வெகு நேரம் அதையே பார்த்தார்.

"இது யாரு?" என்றார்.

"நானு" என்றான் பச்சைமுத்து.

நடந்ததை மாமா ஒளிக்காமல் சொன்னார். பாடு என்றால் என்ன என்று டச்சுக்காரனுக்கு விளக்குகிற மாதிரியே விளக்கினார். ஜெசிந்தா தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டார். எழுதினால் நான்கு பேர் மேலும் மோசடி என்று எழுத வேண்டும், எழுதாவிட்டால் தன் வேலை போகும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். மற்ற படங்களை மெஷின் கோளாறு என்று ஒதுக்கிவிடுவார். நூற்றெண்பது நாளும் நானே பணியில் இருந்தேன் என்று தருமன் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அடுத்த மாதத்திலிருந்து அவர் நிரந்தரம். பி.எஃப். உண்டு. முகத்தை அடையாளம் காணுகிற புது மெஷின் வருவதால் இனி வேறு யாரும் வர முடியாது.

மாமா தாளைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"போடுய்யா" என்றாள் அக்கா.

சாந்தி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "போட்டுக்கண்ணா" என்றாள் அவளும். "நீ போடலன்னாலும் எனக்கு வேல இல்ல. போட்டாலும் இல்ல. ஒருத்தராவது ஃபேனுக்கடியில குந்திக்கினு இருக்கட்டும்."

"நான் நாப்பத்தஞ்சு நாளுதான் மேடம் வந்தேன்" என்றார் மாமா.

"அது எனக்குத் தெரியும். தாள்ல தெரிய வேணாம்."

"சாந்தி நாள என் நாளுன்னு எழுதணும். இவன் நாள என் நாளுன்னு எழுதணும்." தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அடுத்தவன் நாள்ல கட்டின வலைய என்துன்னு சொன்னவன, எங்க ஊர்ல நோட்டுல வச்சிருக்க மாட்டாங்க மேடம். அந்த நோட்டுல ஏர்றதுக்குப் பதினோரு வருஷம் ஆச்சி."

"யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் அக்கா.

"எனக்குத் தெரியும்ல. நான்தான் வாய மூட மாட்டனே, ஒரு நாள் உளறிடுவேன்." சிரித்தார். பிறகு ஜெசிந்தாவிடம் திரும்பினார். "உங்க வேல நிரந்தரமா மேடம்?"

"பதினோரு மாச கான்ட்ராக்ட்" என்றார் ஜெசிந்தா.

"அப்ப நீங்களும் ஒரு நாள் எடுத்துக்கங்க. அஞ்சு பேரா வச்சிடலாம்."

தாளை அவரிடமே நீட்டினார். அது நேர்மையா, வீம்பா என்று எனக்கு இன்னும் தெரியாது. அக்காவுக்கு அன்றே தெரிந்திருந்தது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

ஜெசிந்தா உடனே கிளம்பவில்லை. டேப்லெட்டில் எதையோ தேடிக்கொண்டே இருந்தார். படிவத்தின் அடியில், சுயதொழில், மரபுவழி மீன்பிடிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. அந்த நோட்டு, அந்த நோட்டு என்கிறாரே, அதை நான் பார்க்கலாமா என்று கேட்டார். படகில் கூட்டிப்போனோம். கண்ணப்பன் நோட்டைக் காட்டினார். இந்த நோட்டில் ஏறின பெயர் எத்தனை நாள் இருக்கும் என்று ஜெசிந்தா கேட்டதற்கு, "சாவற வரைக்கும்" என்றார் கண்ணப்பன். நூற்றெண்பதைவிட அது அதிகம் என்று ஜெசிந்தா முடிவு செய்தார். பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டார். மாமா, நான், அண்ணன் பெயரை வைத்துப் பச்சைமுத்து என்று மூன்று பேரையும் நிலைத்த வேலையில் அமர்த்தியாகிவிட்டது என்று அந்தக் கட்டத்தில் எழுதினார். நோட்டில் பெண்கள் பெயர் கிடையாது. ஆகவே சாந்தி திருமணமாகிச் சென்றுவிட்டார் என்று எழுத வேண்டியதாயிற்று. "மாப்ள எப்பிடிக் கீறான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க மேடம்" என்றாள் சாந்தி, இடுப்பில் இருந்த இரண்டாவது பிள்ளையை இறக்கி விட்டபடி.

அப்படித்தான் மாமா பதினான்காம் பக்கத்துக்குப் போனார். கல்லறை அறைக்கு வேறு எங்கிருந்தோ ஒரு பையனைப் போட்டார்கள். பத்தொன்பதாம் நாள் அவன் போய்விட்டான். அறை பூட்டிக்கிடக்கிறது. சாந்தி ஆரம்பாக்கத்துக்கு ரயிலேறிப் போய் ஒரு கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறாள். மாமாவைப் பார்த்தால் பேசுவாள், ஆனால் நின்று பேச மாட்டாள். மாமா அதைக் கவனித்தார். அதைப் பற்றி மட்டும் அவர் எதுவும் சொன்னதில்லை.

அக்கா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிக்கொண்டார். இருபது நாளைக்கு ஒருமுறை தன் நாளிலும், ஒருமுறை என் நாளிலும் வலை கட்டினார். மற்ற நாளில் பறியைக் கவ்விக்கொண்டு தண்ணீரில் குந்தினார். இப்படி மூன்று வருடம் போனது. பிறகு நெஞ்சு வலி என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஆம்புலன்ஸ் டிரைவரோடு பேசிக்கொண்டே போனார்.

கருமாதி முடிந்து நான்கைந்து நாள் கழித்துக் கண்ணப்பன் வீட்டுக்கு வந்தார். நோட்டையும் கொண்டுவந்திருந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வந்த காரியத்தை மெதுவாகச் சொன்னார். வழக்கப்படி இந்தச் சித்திரை வரை தருமன் நாள் இந்த வீட்டுக்கே வரும். பச்சைமுத்து வலை கட்டி, விழுந்ததைக் கொண்டுவந்து கொடுப்பான். அதற்குப் பிறகு பெயரை எடுத்துவிட வேண்டியதுதான். ஆண் பிள்ளை இல்லை; இருப்பது ஒரே பெண், பத்தாவது படிக்கிறாள்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எடுங்க பெரிப்பா" என்றாள். "அதுக்கு முன்னால அந்தக் கல்லற ரூமு வேலைய எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க."

"அத நான் எங்கம்மா குடுக்கறது?"

"அதக் குடுத்துட்டுத்தான இத வாங்கனாரு. வேணா, வேணான்னு தலப்பாடா அடிச்சிக்கினேன். பி.எஃப். உண்டுன்னாங்க. எல்லாத்தையும் உட்டுட்டு உங்க நோட்டுல ஒரு வரி வாங்கிக்கினு வந்தாரு. அதயும் எடுத்துட்டீங்கன்னா, அவரு இன்னாதான் சம்பாரிச்சாரு?"

கண்ணப்பன் என்னைப் பார்த்தார். நான் படித்தவன் ஆயிற்றே, ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் தரையைப் பார்த்தேன். அவர் நோட்டைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனார். ஊரில் இரண்டு நாள் அதே பேச்சாக இருந்தது. பெண் பிள்ளைக்கு நாள் கொடுத்தால் அப்புறம் எல்லா வீட்டுப் பெண்களும் வந்து நிற்பார்கள் என்றார்கள். நின்றால் என்ன என்று சாந்தி கேட்டாளாம், ரயிலுக்குப் போகிற வழியில்.

முந்தாநாள் மாமாவின் நாள். விடியற்காலை பச்சைமுத்து படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். நான் வலையைத் தூக்கிக்கொண்டு போனேன், இந்த ஒரு முறையாவது கழி நடுவோம் என்று. எனக்கு முன்பே அக்கா கரையில் நின்றிருந்தாள். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். என்னிடமிருந்து வலையைப் பிடுங்கிப் படகில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள். பச்சைமுத்து அன்றைய பத்து வார்த்தையில் ஒன்றைக்கூடச் செலவழிக்காமல் நகர்ந்து இடம் விட்டான்.

கரையில் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். கண்ணப்பனும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். படகு தடத்துக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தண்ணீரில் இறங்கி முதல் கழியை நட்டாள். அது சாய்ந்தது. பிடுங்கி மறுபடி நட்டாள்.

பச்சைமுத்துவின் அண்ணன் பொறுக்காமல், "இன்னா தலைவரே, இன்னிக்கு யார் நாளு?" என்று கேட்டார்.

கண்ணப்பன் தண்ணீரைப் பார்த்தார். இரண்டாவது கழி நின்றது.

"தருமன் நாளு" என்றார்.